தாமாக முடிவெடுக்க இயலாத வயதுவந்தோருக்கான சட்டப் பாதுகாப்பு: குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

பிரான்சில் 18 வயதை அடைந்த ஒவ்வொருவரும் தமது உரிமைகளைத் தாமே பயன்படுத்தும் தகுதி உடையவர் என்பது குடியியல் சட்டத்தின் அடிப்படை விதி. அந்த வயதிற்குப் பின்னர் பெற்றோருக்குப் பிள்ளை சார்பிலோ, பிள்ளைக்குப் பெற்றோர் சார்பிலோ முடிவெடுக்கும் அதிகாரம் தானாக வருவதில்லை. கணவன் மனைவிக்கிடையே கூட, அன்றாடக் குடும்பச் செலவு போன்ற சிலவற்றைத் தவிர, ஒருவருக்காக மற்றவர் கையொப்பமிட முடியாது. நல்ல உடல்நலத்தோடு வாழும் காலத்தில் இவ்விதி எவர் கண்ணிலும் படுவதில்லை. பக்கவாதமோ மறதிநோயோ விபத்தோ நேரும்போதுதான் குடும்பங்கள் அதனை எதிர்கொள்கின்றன.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். உணவகமொன்றில் நீண்டகாலம் உழைத்து ஓய்வுபெற்ற ஒருவர் பக்கவாதத்தினால் பேச்சையும் நினைவையும் இழக்கின்றார். அவரது ஓய்வூதியம் அவர் பெயரில் மாத்திரம் உள்ள கணக்கிற்கு வருகின்றது. வாடகை செலுத்த வேண்டும். வரிப் படிவம் நிரப்ப வேண்டும். வதிவிட அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். மூத்த மகன் குடும்பப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வங்கிக்குச் செல்கின்றார். உறவுமுறையை வங்கி மறுக்கவில்லை. ஆயினும் கணக்கைக் கையாள அனுமதிக்கவில்லை. ஊரில் மூத்த பிள்ளை என்ற நிலையே போதுமானதாக இருந்திருக்கலாம். இங்கே அந்த நிலைக்கு ஒரு சட்டப் பத்திரம் துணை நிற்க வேண்டும். வங்கியின் மறுப்பு அந்த மகனுக்குக் கடினமாகத் தோன்றினாலும், நேர்மையற்ற உறவினர் ஒருவரிடமிருந்து அதே தந்தையைக் காப்பதும் அந்த மறுப்பே.

இக்கட்டுரை அத்தகைய பத்திரங்களைப் பெறும் வழிகளை விளக்குகின்றது. அவை இரு வகைப்படும். மனத்தெளிவு உள்ள காலத்திலேயே ஒருவர் தாமாக ஏற்படுத்தி வைப்பவை முதல் வகை. தெளிவு குன்றிய பின்னர் நீதிபதி வழங்குபவை இரண்டாம் வகை. முதல் வகை போதுமானதாக இருக்கும்போது இரண்டாவதை நீதிபதி விதிப்பதில்லை.

சட்டம் வளர்ந்த விதம்

1804 ஆம் ஆண்டின் குடியியல் சட்டத் தொகுப்பு, மனநிலை குன்றியவரைச் சட்டச் செயல்களிலிருந்து முற்றாக விலக்கி வைத்தது. 1968 ஜனவரி 3 ஆம் திகதிய சட்டம் அந்த முறையை நீக்கி, மூன்று படிநிலையான பாதுகாப்புகளை ஏற்படுத்தியது. 2007 மார்ச் 5 ஆம் திகதிய சட்டம் 2009 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்து, இன்றுள்ள கட்டமைப்பை அமைத்தது. குடும்பத்தினருக்கு எளிதான ஒரு வழி 2016 ஜனவரி முதல் சேர்க்கப்பட்டது. 2019 மார்ச் 23 ஆம் திகதிய சட்டம் அவ்வழியை மேலும் விரிவுபடுத்தியது.

இந்த மாற்றங்கள் அனைத்தும் ஒரே திசையில் சென்றுள்ளன. பாதுகாப்பு தேவைப்படும்போது மாத்திரம் வழங்கப்பட வேண்டும். அதைவிட இலகுவான வழி போதாதபோது மாத்திரம் வழங்கப்பட வேண்டும். அந்த மனிதரின் நிலைக்கு ஏற்ற அளவிலேயே வழங்கப்பட வேண்டும். இம்மூன்றும் ஒவ்வொரு வழக்கிலும் நீதிபதி கவனிக்கும் அளவுகோல்கள்.

யாருக்குப் பாதுகாப்பு தேவைப்படுகின்றது?

மனத்தின் ஆற்றல்கள் பாதிக்கப்பட்டு, அதனால் தமது நலன்களைத் தாமே கவனிக்க இயலாதவருக்கே சட்டம் பாதுகாப்பை வழங்குகின்றது. தமது விருப்பத்தை வெளிப்படுத்த இயலாத அளவிற்கு உடல் பாதிக்கப்பட்டவருக்கும் இது பொருந்தும். இரு நிலைகளிலும் பாதிப்பு மருத்துவ ரீதியாக உறுதிப்படுத்தப்பட வேண்டும்.

முதுமை மாத்திரம் காரணமாகாது. பணத்தை வீணாகச் செலவிடும் பழக்கமும் காரணமாகாது. பிள்ளைகளின் அறிவுரையைக் கேளாத தந்தையும், பிள்ளைகளுக்கு உவப்பில்லாத ஒருவரை மணக்க விரும்பும் விதவைத் தாயும் சட்டத்தின் பார்வையில் முழுத்தகுதி உடையவர்களே.

பிரெஞ்சு மொழி தெரியாமையும் காரணமாகாது. இதனைத் தமிழ்க் குடும்பங்கள் தனியே நினைவில் வைத்திருத்தல் நல்லது. வங்கிக் கடிதத்தை வாசிக்க இயலாத ஒரு தாய், தமிழில் தமது வரவு செலவைச் சரியாகச் சொல்லக்கூடியவராயின், அவருக்குத் தேவைப்படுவது மொழிபெயர்ப்பாளரே, காப்பாளர் அல்லர். இதற்கு மறுபுறமும் உண்டு. மறதிநோய் கண்டவர்கள் பிற்காலத்தில் கற்ற மொழியை முதலில் இழந்து, தாய்மொழிக்குத் திரும்புவது பரவலாகக் காணப்படுகின்றது. இருபது ஆண்டுகள் பிரெஞ்சு பேசிப் பணியாற்றியவர் கூட மருத்துவப் பரிசோதனையின்போது பதில் சொல்லாமல் இருக்கலாம். அவர் தமிழில் எவ்வளவு தெளிவாக உள்ளார் என்பதை அறியாமல் எழுதப்படும் சான்றிதழ், அவர் உண்மையில் இழந்ததை விடக் கூடுதலான உரிமைகளைப் பறித்துவிடக்கூடும். ஆகவே பரிசோதனைக்கு நாள் பெறும்போதே மொழிபெயர்ப்பாளர் தேவை என்பதைத் தெரிவிப்பது முக்கியம். சொத்தில் நேரடி நலனுள்ள பிள்ளை அந்தப் பணியைச் செய்யாதிருப்பது அனைவருக்கும் நல்லது.

மனத்தெளிவு உள்ள காலத்திலேயே செய்யக்கூடியவை

அதிகாரப் பத்திரம் (புரொக்கியூராசியோன்). இலங்கையில் அற்றோணித் தத்துவம் என அறியப்படுவதை ஒத்தது இது. வங்கியில் படிவமொன்றை நிரப்பி, தமது கணக்கைக் கையாளும் அதிகாரத்தை ஒருவர் மகளுக்கோ நண்பருக்கோ வழங்கலாம். கையொப்பமிடும் நேரத்தில் அவருக்குத் தெளிந்த மனநிலை இருந்திருக்க வேண்டும். நோய் முற்றிய பின்னர் கையைப் பிடித்து இடுவிக்கும் கையொப்பம் செல்லாது. அதனை இடுவித்தவர் குற்றவியல் வழக்கையும் எதிர்கொள்ள நேரிடலாம். அதிகாரம் வழங்கியவர் பின்னர் முழுக் காப்பின் கீழ் வந்தால் இந்தப் பத்திரம் முடிவடையும். எனவே இது பயனுள்ளதாயினும் நீண்டகாலப் பாதுகாப்பாக அமையாது.

எதிர்காலப் பாதுகாப்பு ஆணை (மாந்தா து புரொத்தெக்சியோன் பியூத்தூர்). தமது அறிவாற்றல் குன்றுமானால் யார் தமக்காகச் செயற்பட வேண்டும் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கும் பத்திரம் இது. உறவினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் லண்டன், ரொறன்ரோ, யாழ்ப்பாணம் எனச் சிதறியிருக்க, அருகில் இருப்பவர் ஒரு பெறாமகனோ நெடுநாள் நண்பரோ மாத்திரமாக உள்ளவர்களுக்கு இது மிகவும் ஏற்றது. நியமிக்கப்படுபவரும் ஏற்றுக்கொண்டு கையொப்பமிட வேண்டும்.

இதனை இரு விதமாக எழுதலாம். முதலாவது, 13592 என்ற இலக்கமுடைய அரச படிவத்தை நிரப்புவது, அல்லது சட்டத்தரணி ஒருவரின் மேலொப்பத்துடன் எழுதுவது. படிவத்தை வரித் திணைக்களத்தில் 125 யூரோ செலுத்திப் பதிவு செய்தால் அதன் திகதி உறுதியாகும். இவ்வகை ஆணை வரவு செலவு, வாடகை, அன்றாட நிர்வாகம் போன்றவற்றிற்கே அதிகாரம் தரும். இரண்டாவது, நொத்தாரிசு முன்னிலையில் எழுதுவது. செலவு கூடுதலாயினும் சொத்து விற்பனை வரையிலான பரந்த அதிகாரங்களை இதில் வழங்கலாம். உடற்குறையோ மனவளர்ச்சிக் குறையோ உள்ள பிள்ளையின் பெற்றோர், தாம் இறந்த பின்னர் அல்லது இயலாமற் போன பின்னர் அப்பிள்ளைக்காக யார் செயற்பட வேண்டும் என்பதையும் ஆணையாக எழுதலாம். அது நொத்தாரிசு முன்னிலையிலேயே எழுதப்பட வேண்டும்.

எழுதிய நாளிலேயே ஆணை உயிர்பெறுவதில்லை. தெளிவு குன்றிவிட்டது என்பதை அதற்கென அங்கீகரிக்கப்பட்ட வைத்தியர் உறுதிப்படுத்திய பின்னர், நியமிக்கப்பட்டவர் அந்தச் சான்றிதழையும் ஆணையையும் நீதிமன்றப் பதிவகத்தில் காட்டி முத்திரை பெறுகின்றார். நீதிபதி விசாரணை நடத்துவதில்லை. அதுவரை எழுதியவர் எந்நேரமும் ஆணையை மாற்றலாம், மீளப் பெறலாம்.

காப்பாளரை முன்கூட்டியே பெயரிடல். முழு ஆணை எழுத விரும்பாதவர், எதிர்காலத்தில் காப்பாளர் தேவைப்பட்டால் யார் நியமிக்கப்பட வேண்டும் என்பதை மாத்திரம் எழுதி வைக்கலாம். நொத்தாரிசு முன்னிலையில் எழுதலாம். அல்லது முழுவதையும் தம் கைப்பட எழுதித் திகதியிட்டுக் கையொப்பமிடலாம். பெயரிடப்பட்டவர் மறுத்தாலோ, நியமனம் பாதுகாக்கப்படுபவரின் நலனுக்கு மாறானதாக இருந்தாலோ அன்றி, நீதிபதி அதனைப் பின்பற்றுவார். பிள்ளைகளுக்கிடையே பிணக்கு எழக்கூடிய வீடுகளில் ஒரு தாளில் எழுதிய சில வரிகள் பல ஆண்டு மனக்கசப்பைத் தவிர்க்கும்.

நீதிபதி வழங்கும் பாதுகாப்புகள்

தற்காலிக நீதிப் பாதுகாப்பு (சோவ்கார்த் து ஜுஸ்தீஸ்). இது மிகவும் இலகுவானது. ஓர் ஆண்டிற்கு வழங்கப்பட்டு ஒருமுறை புதுப்பிக்கப்படலாம். இரண்டு ஆண்டுகளுக்கு மேற்படாது. பாதிக்கப்பட்டவர் தமது உரிமைகளைத் தொடர்ந்து பயன்படுத்துகின்றார். ஆனால் அவருக்குத் தெளிவாக நட்டம் விளைத்த ஒப்பந்தங்களைப் பின்னர் நீக்கவோ குறைக்கவோ கோர முடியும். அவசர நிலையில் குறித்த ஒரு காரியத்திற்காக மாத்திரம் ஒரு முகவரை நீதிபதி நியமிக்கலாம். பெரிய மனுவொன்று விசாரணையில் உள்ள மாதங்களில் வாடகையும் மருத்துவச் செலவும் தடைப்படாதிருக்க இது உதவுகின்றது.

துணைக் காப்பு (கியூராத்தேல்). தாமாகச் செயற்படக்கூடியவராயினும் முக்கிய விடயங்களில் அருகில் ஒருவரின் துணை தேவைப்படுபவருக்கு இது வழங்கப்படுகின்றது. அன்றாடக் காரியங்களை அவரே செய்வார்; சொத்து விற்பனை, கடன் பெறல் போன்றவற்றில் துணைக் காப்பாளரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். வலுப்படுத்தப்பட்ட துணைக் காப்பில், வருமானத்தைக் காப்பாளரே பெற்று, செலவுகளைச் செலுத்தி, மிகுதியை அவர் பயன்படுத்தும் கணக்கில் விடுகின்றார்.

முழுக் காப்பு (தியூத்தேல்). தொடர்ச்சியாகப் பிறர் பிரதிநிதியாகச் செயற்பட வேண்டிய நிலையில் உள்ளவருக்குரியது. காப்பாளர் அவருக்காகக் கையொப்பமிடுகின்றார். ஆனால் சொத்தை விற்பது போன்ற கனமான செயல்களுக்கு நீதிபதியின் அனுமதி வேண்டும். இவ்விரு காப்புகளும் முதலில் ஐந்து ஆண்டுகளுக்கு மேற்படாமல் வழங்கப்படுகின்றன. நிலைமை தேற வாய்ப்பில்லை என வைத்தியர் உறுதிப்படுத்தினால் முழுக் காப்பு பத்து ஆண்டுகள் வரை வழங்கப்படலாம்.

குடும்ப அதிகாரமளிப்பு (அபிலித்தாசியோன் பமிலியால்). ஒற்றுமையான குடும்பங்களுக்குச் சட்டம் திறந்துள்ள வழி இதுவே. நீதிபதி ஒருமுறை தீர்மானித்து அதிகாரம் அளித்த பின்னர் பெரும்பாலும் தலையிடுவதில்லை; ஆண்டுதோறும் கணக்கு ஒப்படைக்க வேண்டியதும் இல்லை. ஒரு குறித்த காரியத்திற்கோ, பொதுவாகவோ இதனை வழங்கலாம். பொது அதிகாரம் முதலில் பத்து ஆண்டுகளுக்கு மேற்படாது. பிரதிநிதியாகச் செயற்படுவதற்கும், துணைநின்று கையொப்பமிடுவதற்கும் என இருவகை உண்டு.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. நெருங்கிய உறவினர் எவரும் எதிர்க்காதிருக்க வேண்டும். விண்ணப்பிப்பவர் பெற்றோர், பாட்டன் பாட்டி, பிள்ளை, பேரப்பிள்ளை, உடன்பிறந்தவர், வாழ்க்கைத் துணைவர் ஆகியோருள் ஒருவராக இருக்க வேண்டும். மருமகன், மருமகள், மச்சான், பெறாமகள், சித்தப்பா ஆகியோர் இப்பட்டியலில் இல்லை. வீட்டில் கூடப்பிறந்தவர் போலப் பழகுவோரும் இங்கே தகுதி பெறுவதில்லை. அவர்கள் துணைக் காப்பாளராகவோ முழுக் காப்பாளராகவோ நியமிக்கப்படலாம். எதிர்கால ஆணையில் பெயரிடப்படலாம்.

மனவளர்ச்சிக் குறையுள்ள பிள்ளை 18 வயதை எட்டும்போது, அதுவரை பெற்றோருக்கிருந்த அதிகாரம் முடிவடைகின்றது. அதன்பின் பெற்றோர் பெரும்பாலும் இந்தக் குடும்ப அதிகாரமளிப்பையே நாடுகின்றனர். பிறந்தநாளுக்குப் பின்னர் இடைவெளி ஏற்படாதிருக்க, 17 வயது முடியுமுன்னரே சான்றிதழுக்கான ஒழுங்குகளைத் தொடங்குதல் விவேகமானது.

மனுச் செய்யும் முறை

பாதிக்கப்பட்டவரே மனுச் செய்யலாம். அவரது வாழ்க்கைத் துணைவர், உறவினர், சம்பந்த வழி உறவினர், அவரோடு நெருங்கிய நிலையான தொடர்புள்ளவர் ஆகியோரும் செய்யலாம். துணைக் காப்பையோ முழுக் காப்பையோ அரச வழக்குத்தொடுநரும் கோரலாம். அயலவரோ சமூகப் பணியாளரோ கவலைக்குரிய நிலையைக் கண்டால், அவரிடம் தெரிவிப்பதே வழி.

மனுவிற்கு 15891 இலக்கப் படிவம் பயன்படுகின்றது. அதனோடு இணைக்க வேண்டியவற்றுள் மிக முக்கியமானது விரிவான மருத்துவச் சான்றிதழ். குடும்ப வைத்தியரின் கடிதம் இதற்குப் போதாது. அரச வழக்குத்தொடுநர் தயாரித்த பட்டியலில் உள்ள வைத்தியரே இதனை எழுத வேண்டும். பட்டியலை நீதிமன்றப் பதிவகத்தில் பெறலாம். கட்டணம் 160 யூரோ; அதன்மேல் பெறுமதி சேர் வரியும், வைத்தியர் வீட்டிற்கு வந்தால் பயணச் செலவும் சேரலாம். இத்தொகையை மருத்துவக் காப்புறுதி மீளளிப்பதில்லை. மனுவிற்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. சட்டத்தரணி கட்டாயமில்லை, விரும்புவோர் வைத்துக்கொள்ளலாம், வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி கோரலாம்.

பிறப்புப் பத்திரமும் தேவை. அகதி அந்தஸ்துப் பெற்றவர்களுக்கு இலங்கைப் பத்திரத்தின் இடத்தில் ஒவ்ப்ரா வழங்கும் சான்றிதழ் பயன்படும். ஏனையோர் இலங்கை அல்லது இந்தியப் பத்திரத்தைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் வைத்திருப்பது நல்லது.

மனு, பாதுகாப்புத் தேவைப்படுபவர் வசிக்கும் இடத்து நீதிபதியிடம் செல்ல வேண்டும். மனுச் செய்பவரின் முகவரி கணக்கில் கொள்ளப்படாது. கார்ஜ் லே கொனெஸ் வாசிகளுக்கு, பொந்துவாஸ் நீதிமன்றத்தைச் சேர்ந்த கொனெஸ் அண்மை நீதிமன்றமே அணுக வேண்டிய இடம். லா சப்பலில் வசிக்கும் பெற்றோருக்காகக் கார்ஜில் வசிக்கும் பிள்ளை மனுச் செய்வதாயின், அது பாரிஸ் நீதிமன்றத்திற்குச் செல்லும்.

நீதிபதி பாதிக்கப்பட்டவரை நேரில் கேட்கின்றார். கேட்பது அவரது உடல்நலத்தைக் கெடுக்கும் என்றோ, அவரால் விருப்பத்தை வெளிப்படுத்த இயலாது என்றோ வைத்தியர் கூறினால் மாத்திரம் இது தவிர்க்கப்படும். மொழிபெயர்ப்பாளர் தேவை என்பதை மனுவிலேயே எழுதிவிட வேண்டும். நீதிபதி ஓர் ஆண்டிற்குள் தீர்ப்பளிக்க வேண்டும். நடைமுறையில் பல மாதங்கள் செல்வது இயல்பு. தீர்ப்பில் உடன்பாடில்லாதவர் 15 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். வல் துவாஸ் மாவட்ட வழக்குகள் வெர்சாய் மேன்முறையீட்டு நீதிமன்றத்திற்குச் செல்கின்றன.

காப்பாளரைத் தெரிவு செய்வதில் குடும்பத்திற்கே முதலிடம். முதலில் வாழ்க்கைத் துணைவர், பின்னர் உறவினர் அல்லது நெருங்கியவர். பொருத்தமானவர் எவரும் இல்லாதபோதும், குடும்பத்தினர் ஒருவரோடொருவர் மோதிக்கொள்ளும்போதும், நீதிமன்றப் பட்டியலில் உள்ள தொழில்முறைக் காப்பாளர் நியமிக்கப்படுகின்றார். அவருக்கான கட்டணம் பாதுகாக்கப்படுபவரின் வருமானத்திற்கு ஏற்ப அவரிடமிருந்தே பெறப்படுகின்றது. உறவினர் செய்யும் காப்புப் பணிக்கு வழமையாக ஊதியம் இல்லை.

பொறுப்பேற்பவரின் கடமைகள்

முழுக் காப்பாளர் சொத்துப் பட்டியல் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். தளபாடங்கள், நகைகள் போன்ற அசையும் பொருட்களுக்கு மூன்று மாதங்களும், ஏனையவற்றிற்கு ஆறு மாதங்களும் தவணை உண்டு. தாலிக்கொடி, காப்பு, அட்டியல் முதலிய தங்க நகைகளைக் குடும்பத்தின் பொதுச் சொத்தாகக் கருதி விட்டுவிடுவது பிற்காலப் பிணக்கிற்கு வித்திடும். யாருடையதோ அவர் பெயரில் எழுதப்பட வேண்டும். சீட்டில் கட்டிய பணமும் கைமாற்றாகக் கொடுத்த கடனும் அவ்வாறே. அவற்றிற்குப் பத்திரம் இல்லாவிடினும் அவை அந்த மனிதரின் உழைப்பு. ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கும் ஒப்படைக்க வேண்டும். சிறிய சொத்துள்ள குடும்பங்களை நீதிபதி இதிலிருந்து விலக்கலாம்.

பாதுகாக்கப்படுபவரின் பணம் அவர் பெயரிலுள்ள கணக்கிலேயே இருக்க வேண்டும். அதிகாரம் பெற்றவரின் கணக்கில் அதனைக் கலக்கக்கூடாது. முழுக் காப்பிலும் பொதுக் குடும்ப அதிகாரமளிப்பிலும் அவரது பணத்திலிருந்து நன்கொடை வழங்க நீதிபதியின் அனுமதி தேவை. மகளின் திருமணத்திற்கென்று தந்தை சேர்த்து வைத்த பணமாயினும், வழமையாக அவர் கோயிலுக்குக் கொடுக்கும் பெருந்தொகையாயினும், விதி ஒன்றே. தந்தையின் எண்ணம் அதுவென்று குடும்பம் அறிந்திருக்கலாம். அந்த எண்ணத்தைக் காட்டும் கடிதத்தையோ வங்கிப் பதிவையோ இணைத்து அனுமதி கேட்பதே முறை.

வசிப்பிடத்திற்குச் சட்டம் தனிப் பாதுகாப்பை அளிக்கின்றது. இயன்றவரை அவரது வீடும் தளபாடங்களும் அவருக்காகவே வைக்கப்பட வேண்டும். வீட்டை விற்பதற்கும், வாடகை ஒப்பந்தத்தை முடிப்பதற்கும் கூட நீதிபதியின் அனுமதி வேண்டும். முதியோர் இல்லத்தில் சேர்ப்பது நோக்கமாயின், அந்த இல்லத்தைச் சாராத வைத்தியர் ஒருவரின் கருத்தும் தேவை. தாய் முதியோர் இல்லத்திற்குச் சென்றதும் சமூக வீட்டுத் திட்டத்து வீட்டின் சாவியை அவசரமாக ஒப்படைத்துவிடும் பிள்ளைகள் இதனை அறிந்திருக்க வேண்டும். நினைவுப் பொருட்களும் தனிப்பட்ட பொருட்களும் எந்நிலையிலும் அவருக்காகவே பேணப்பட வேண்டும் என்கின்றது சட்டம். சாமிப் படமும் ஊர்ப் புகைப்படங்களும் இதில் அடங்கும்.

நலிந்தவரின் நிலையைப் பயன்படுத்தி அவருக்குக் கேடான செயலைச் செய்விப்பது குற்றம். அதற்கு மூன்று ஆண்டுச் சிறையும் 375,000 யூரோ அபராதமும் வரை விதிக்கப்படலாம்.

எவராலும் பறிக்க முடியாதவை

காப்பின் கீழ் வந்தவர் மனிதராக இருந்த நிலையிலிருந்து இறங்கிவிடுவதில்லை. தமது உடல், வாழ்விடம், நட்பு, உறவு ஆகியவற்றைப் பற்றித் தமது நிலை அனுமதிக்கும் அளவிற்கு அவரே முடிவெடுக்கின்றார். யாரைச் சந்திப்பது என்பதும் அவரது தெரிவு. ஒரு பிள்ளை காப்பாளரானதால் மற்றப் பிள்ளை தாயைக் காண்பதைத் தடுக்கும் உரிமை கிடைப்பதில்லை. பிள்ளையைத் தம் பிள்ளையென ஏற்றுப் பதிவது போன்ற சில செயல்களை அவருக்காக எவரும் செய்ய முடியாது. 2019 முதல் முழுக் காப்பின் கீழுள்ளவர்களின் வாக்குரிமையை நீதிபதியாலும் நீக்க முடியாது. திருமணம் செய்ய அனுமதி தேவையில்லை. காப்பாளருக்கு முன்னறிவித்தல் போதும். துணைக் காப்பில் உள்ளவர் தனியே மரணசாசனம் எழுதலாம். முழுக் காப்பில் உள்ளவருக்கு நீதிபதியின் அனுமதி வேண்டும்.

மருத்துவ முடிவுகள்

பணத்திற்கான அதிகாரமும் சிகிச்சை பற்றிய முடிவும் வெவ்வேறானவை. சிகிச்சையைப் பொறுத்தவரை இரு பத்திரங்கள் உள்ளன. நம்பிக்கைக்குரியவரை (பெர்சோன் து கொன்பியான்ஸ்) எழுத்தில் பெயரிடும் முறையை 2002 மார்ச் 4 ஆம் திகதிய சட்டம் ஏற்படுத்தியது. நோயாளி பேச இயலாதபோது, அவர் விரும்பியது என்னவென்று இவர் சான்று கூறுவார். ஏனைய உறவினரின் சாட்சியத்தை விட இவர் சொல் மேலோங்கும். வாழ்வின் இறுதிக்கட்டச் சிகிச்சை பற்றிய தமது விருப்பங்களை எழுதி வைக்கும் முன்னறிவுறுத்தல்கள் மற்றையது. 2016 பெப்ரவரி 2 ஆம் திகதிய சட்டத்தின் பின்னர் இவற்றிற்குக் காலவரையறை இல்லை; எந்நேரமும் மாற்றலாம்.

இவை எழுதப்படாதபோது நிகழக்கூடியதை வின்சென்ட் லம்பேர்ட்டின் வழக்கு பிரான்சு முழுவதற்கும் காட்டியது. தாதியாகப் பணியாற்றிய அவர் 2008 இல் வீதி விபத்தில் சிக்கி, ரெய்ம்ஸ் பல்கலைக்கழக வைத்தியசாலையில் உணர்வற்ற நிலையில் இருந்தார். செயற்கை உணவை நிறுத்துவதா தொடர்வதா என்பதில் மனைவி ஒரு பக்கமும் பெற்றோர் மறுபக்கமும் நின்றனர். வழக்கு 2014 இல் பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றத்தையும், 2015 இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தையும் சென்றடைந்தது. 2019 ஜூலை 11 அன்று அவர் காலமானார். மருத்துவத்துறையில் பணியாற்றிய அவர் கூடத் தமது விருப்பத்தை எழுதி வைத்திருக்கவில்லை. இருதரப்பும் அவர்மீது அன்பு கொண்டிருந்தன. அவர் விரும்பியது எது என்பதைக் காட்டும் தாள் மாத்திரம் இருக்கவில்லை.

தாயகத்தில் உள்ள சொத்துக்கள்

பிரான்சில் வழமையாக வசிப்பவருக்கு, அவரது குடியுரிமை எதுவாயினும், பிரெஞ்சு நீதிபதி பிரெஞ்சுச் சட்டத்தின்படியே பாதுகாப்பு வழங்குகின்றார். 2000 ஜனவரி 13 ஆம் திகதிய ஹேக் உடன்படிக்கை வழமையான வசிப்பிடத்தையே அடிப்படையாகக் கொள்கின்றது. ஆனால் இலங்கை அவ்வுடன்படிக்கையில் இணையவில்லை. எனவே கொனெஸில் பெற்ற கட்டளையைக் காட்டி யாழ்ப்பாணத்துக் காணியை விற்கலாம் என எதிர்பார்க்கக்கூடாது. காணி உள்ள இடத்து மாவட்ட நீதிமன்றத்தை இலங்கைச் சட்டத்தரணி ஒருவர் மூலம் அணுகுவதே பாதுகாப்பான வழி.

தேசவழமைக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஒரு சிக்கல் மேலும் உண்டு. மனைவி தமது அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தை 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் வேண்டியது. கணவன் மனநிலை குன்றியவராயின், அச்சம்மதத்திற்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் உத்தரவைப் பெற அதே சட்டம் வழிவகுத்தது. இத்தகைய சொத்து உள்ளவர்கள் இன்றைய நிலையை ஊர்ச் சட்டத்தரணியிடம் முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

நோய் எதுவும் இல்லாத குடும்பங்கள் மூன்று காரியங்களை இப்போதே செய்யலாம். முதலாவது, வங்கிக் கணக்குகள், காப்புறுதிகள், ஓய்வூதியம், கடன், சீட்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, இருக்கும் இடத்தை ஒருவருக்கேனும் தெரிவித்தல். இரண்டாவது, நம்பிக்கைக்குரியவரைப் பெயரிடல். இதற்குச் செலவு எதுவும் இல்லை. மூன்றாவது, எதிர்காலப் பாதுகாப்பு ஆணை தேவையா என நொத்தாரிசு ஒருவரிடம் கலந்தாலோசித்தல்.

மறதிநோயின் முதல் அறிகுறிகள் தெரிந்த வீடுகளில் காலம் அரிது. நோய் கண்டறியப்பட்டது என்பதாலேயே ஒருவர் தகுதியை இழப்பதில்லை. தொடக்க நிலையில் உள்ளவர் இன்னும் ஆணை எழுதக்கூடியவராக இருக்கலாம். எழுதும் நாளில் அவரது தெளிவை உறுதிப்படுத்தும் வைத்தியரின் குறிப்பைப் பெற்று வைத்தால் பின்னர் எழும் ஐயங்களைத் தவிர்க்கலாம். பேச்சு முற்றாக நின்றுவிட்ட வீடுகளில் மருத்துவச் சான்றிதழே முதற்படி.

படிவங்களைப் பெறவும் நிரப்பவும் நகரசபையின் சமூகச் செயற்பாட்டு நிலையத்தை (சே சே ஆ எஸ்) நாடலாம். சட்ட ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும் நிலையங்களை 30 39 என்ற தொலைபேசி இலக்கம் அறியத்தரும். குடும்பக் காப்பாளர்களுக்கு வழிகாட்டும் சேவை குறித்து, ஒவ்வொரு மாவட்டத்திலும் இயங்கும் குடும்பச் சங்கங்களின் ஒன்றியத்தில் (உடாப்) விசாரிக்கலாம். செல்லும்போது அடையாளப் பத்திரம், பிறப்புப் பத்திரம் அல்லது ஒவ்ப்ரா சான்றிதழ், குடும்பப் பதிவேடு, வருமான விபரம், உறவினரின் முகவரிப் பட்டியல் ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். யாருக்காகச் செல்கின்றார்களோ அவர் நடமாடக்கூடியவராயின் அவரையும் அழைத்துச் செல்வதே பொருத்தம். பேசப்படுவது அவரது வாழ்க்கையைப் பற்றி.